ரூபாய் வெறும் காகிதமாகிவிடுமா?

கேள்வி: பல்லடத்துக்குப் பக்கத்தில் கிராமம். வயது 68. காலமெல்லாம் கூலிக்குத் தறி ஓட்டினேன். போன வருடம் தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு, ரோட்டோரக் காட்டில் ஒரு துண்டையும் விற்றேன். மொத்தம் 32 லட்சம் ஒரே வங்கியில் டெபாசிட்டாக இருக்கிறது. மாதாமாதம் வரும் வட்டியில்தான் நானும் வீட்டுக்காரியும் சாப்பிடுகிறோம். மீதி இரண்டு ஏக்கரில் தென்னை. என் அக்கா மகன் செல்போனில் ஜிம்பாப்வே நாட்டு நோட்டைக் காட்டி, "மாமா, பத்து வருசத்துல நம்ம ரூபாயும் இப்படித்தான் ஆகும். பேங்க்ல இருக்கறதை எடுத்துச் சைட்டும் தங்கமும் வாங்குங்க. பத்தாததுக்குக் கடன் வாங்குங்க, பணம் கரையறப்பக் கடனும் சேர்ந்து கரைஞ்சுரும்" என்கிறான். நூற்றுக்கு மாதம் நாலு ரூபாய் தரும் ஒரு கம்பெனியிலும் போடச் சொல்கிறான். எனக்குத் தூக்கமே போய்விட்டது. என்ன செய்யட்டும்?

பதில்: ஐயா, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். டெபாசிட்டை உடைக்காதீர்கள். கடன் வாங்காதீர்கள். மாதம் நாலு ரூபாய் வட்டி தருகிறேன் என்கிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ரூபாய் ஜிம்பாப்வே டாலர் ஆகும் நிலைமை இன்று இங்கே இல்லை. ஆனாலும் உங்கள் பணம் கரைகிறது என்பது உண்மைதான். அக்கா மகன் காட்டிய வழியில் கரையவில்லை. அவர் பார்க்காத இடத்தில் கரைகிறது. அதை அடைப்பதற்குத்தான் இந்தப் பதில்.

விலை ஏறுவதெல்லாம் பணவீக்கம் இல்லை. 2010ல் ஈரோட்டு மண்டியில் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. இரண்டே வருடத்தில் 4,000க்கும் கீழே விழுந்தது. அது மஞ்சளின் கதை. மஞ்சள், அரிசி, பஸ் கட்டணம், வைத்தியச் செலவு, கொத்தனார் கூலி என்று எல்லாமே சேர்ந்து ஏறினால், பணத்தின் மதிப்பு இறங்குகிறது என்று அர்த்தம். மாதத்துக்கு 50 சதவீதத்துக்கு மேல் எல்லா விலையும் ஏறத் தொடங்கினால் அது மிகைப் பணவீக்கம். பிலிப் கேகன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1956ல் வைத்த அளவுகோல் இது. இன்றைக்கும் பலர் இதையே பயன்படுத்துகிறார்கள்.

மாதம் 50 சதவீதம் என்றால் என்ன ஆகும் என்று ஒரு லட்சம் ரூபாயை வைத்துப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து அந்த லட்சம், இன்றைய விலையில் 66,700 ரூபாய்ப் பொருளைத்தான் வாங்கும். ஆறு மாதத்தில் 8,800. ஒரு வருடத்தில் 770 ரூபாய். நோட்டு அப்படியே இருக்கும், பாஸ்புக்கில் எண்ணும் குறையாது, ஆனால் ஒரு மூட்டை அரிசிகூட வராது. இதே லட்சம், வருடம் 6 சதவீத விலையேற்றத்தில் பாதியாவதற்குப் பன்னிரண்டு வருடம் ஆகும். இரண்டுமே கரைச்சல்தான். முதலாவதில் ஓடித் தப்பிக்க நேரமே கிடைக்காது. இரண்டாவதில் நேரம் நிறைய இருக்கும்; அதனாலேயே நாம் கவனிக்காமல் இருந்துவிடுகிறோம்.

ஜிம்பாப்வேக்கு வருவோம். அக்கா மகன் காட்டிய நூறு டிரில்லியன் நோட்டு 2009 ஜனவரியில் வந்தது. நம் கணக்கில் அது ஒரு கோடி கோடி டாலர். அந்த நாட்டின் அரசுக் கணக்குப்படியே 2008 ஜூலையில் ஆண்டுப் பணவீக்கம் 23 கோடி சதவீதம். அதே வருடம் நவம்பர் நடுவில் விலைகள் ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒரு முறை இரட்டித்தன என்று ஸ்டீவ் ஹாங்கே என்ற பொருளியலாளர் கணக்கிட்டார். இதை உங்கள் தொழிலில் வைத்துப் பாருங்கள். பாவு நூல் இறக்கிய அன்று கூலி பேசுகிறீர்கள். நெய்து, மடித்து, ஜவுளிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் பதினாலு நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் விலை இரட்டித்தால், அன்று பேசிய கூலியின் மதிப்பில் பதினாறாயிரத்தில் ஒரு பங்குதான் உங்கள் கைக்கு வரும். யார் பாவு எடுப்பார்கள்? திருப்பூரில் நூல் வாங்குவது, சாயம் போடுவது, துணி விற்பது எல்லாம் அறுபது நாள், தொண்ணூறு நாள் கடனில் ஓடுகிறது. "அப்புறம் தருகிறேன்" என்ற வார்த்தைக்கு மதிப்பில்லாத இடத்தில் அந்தச் சங்கிலி முழுவதும் நின்றுபோகும். மிகைப் பணவீக்கத்தின் மோசமான பகுதி இதுதான் என்பது என் எண்ணம். சேமிப்பு போவதோடு, ஒருவரை நம்பி இன்னொருவர் வேலை செய்வதும் போகிறது.

கூலி கிடைத்த நொடியே அதைப் பொருளாக மாற்ற எல்லோரும் ஓடுவார்கள். ஜெர்மனியில் 1923ல் கூலியைத் தினமும் கொடுத்தார்கள். சில இடங்களில் ஒரே நாளில் இரண்டு தடவை. எல்லோரும் ஒரே நேரத்தில் நோட்டைத் தள்ளிவிடப் பார்க்கும்போது விலை இன்னும் வேகமாக ஏறும். அரசாங்கத்துக்கும் இதே கதிதான். இன்றைக்கு நூறு ரூபாய் வரி போட்டு, அது மூன்று மாதம் கழித்துக் கஜானாவுக்கு வந்தால், மாதம் 50 சதவீத விலையேற்றத்தில் அதன் மதிப்பு முப்பது ரூபாய்கூடத் தேறாது. வரி பத்தாது, ஆகவே இன்னும் அச்சடிப்பார்கள். அச்சடித்ததால் அடுத்த வரி இன்னும் சுருங்கும்.

ஜெர்மனி எப்படி அந்தச் சுழலில் விழுந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அக்கா மகனின் கடன் யோசனைக்கு அங்கேதான் பதில் இருக்கிறது. 1914ல் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 மார்க். முதல் உலகப் போரைப் பெரும்பாலும் கடனில் நடத்தினார்கள். தோற்றபின் நட்ட ஈடு கட்ட வேண்டியிருந்தது. அதைக் காகித மார்க்கில் கட்ட முடியாது, தங்கத்தின் மதிப்பிலோ நிலக்கரி போன்ற பொருளாகவோ கட்ட வேண்டும். 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் தொழிற்பகுதிக்குள் படையோடு நுழைந்தன. அங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்கு ஜெர்மன் அரசே நோட்டு அடித்துக் கூலி கொடுத்தது. ஒரு பக்கம் உற்பத்தி நின்றது, மறு பக்கம் நோட்டு பெருகியது. நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க்.

அந்த மாதமே ரென்டன்மார்க் என்ற புதுப் பணம் வந்தது. ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு புது மார்க். மார்க்கில் நூற்றில் ஒரு பங்கான ஒரு பிஃபெனிக் வாங்க 1,000 கோடி பழைய மார்க் வேண்டும். போருக்கு முன்னால் ஒரு லட்சம் மார்க் சேர்த்துவைத்து, "நம் காலத்துக்கு இது போதும்" என்று உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பிஃபெனிக்கில் ஒரு துளிகூட மிஞ்சவில்லை. போர்ப் பத்திரம் வாங்கியவர்கள், ஆயுள் காப்பீடு கட்டியவர்கள், வட்டியில் வாழ்ந்த விதவைகள், இவர்கள்தான் முதலில் அழிந்தார்கள். இத்தனை ரூபாய் என்று எண்ணில் எழுதிய உறுதியைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லாதவர்கள் இவர்கள்.

கடன்காரர்கள் பிழைத்தார்கள் என்பதும் உண்மை. நிலத்தை அடமானம் வைத்திருந்த விவசாயிகள் பலர், ஒரு கூடை காய்கறி விற்ற காசில் மொத்தக் கடனையும் அடைத்தார்கள். அக்கா மகன் பார்த்த வீடியோ இந்த இடத்தில் நின்றிருக்கும். அதற்குப் பிறகு நடந்தது என்ன? 1923 நவம்பர் 28 அன்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், பழைய மார்க்கை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கடன் தீர்ந்தது என்று சொல்வது நேர்மைக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. 1925ல் தனிச் சட்டமே போட்டு, அடமானக் கடன்களைப் பழைய தங்க மதிப்பில் பொதுவாக 25 சதவீத அளவுக்கு மீண்டும் உயிர்ப்பித்தார்கள்.

நம் ஊர்க் கடனில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தக் காலத்து ஜெர்மன் அடமானத்தில் வட்டி நிலையானது. இங்கே 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் வீட்டுக் கடன் போன்ற மிதக்கும் (ஏறி இறங்கும்) வட்டிக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியோடு, கட்டப்பட்டிருக்கின்றன. விலைவாசி ஏறினால் ரிசர்வ் வங்கி ரெப்போவை ஏற்றும், உங்கள் வட்டியும் ஏறும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்குப் போனதும் தவணைகள் எப்படி நீண்டன என்று திருப்பூரில் வீட்டுக் கடன் வாங்கிய யாரையும் கேட்டுப் பாருங்கள். சம்பளம் ஏறுகிறவனுக்குக் கடன் கரையும். உங்களுக்கு வருமானம் நிலையானது, கடனுக்கு வட்டி ஏறும். 68 வயதில் அந்தப் பக்கம் கால் வைக்க வேண்டாம்.

இந்தியாவில் ஏன் அந்த நிலைமை இல்லை என்கிறேன்? இங்கே மோசமான வருடங்கள் இருந்திருக்கின்றன. 1974ல் விலைவாசி ஒரே வருடத்தில் 25 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. உங்களுக்கே அந்த ரேஷன் வரிசைகள் ஞாபகம் இருக்கும். அப்போதும் அது மிகைப் பணவீக்கத்தின் பக்கத்தில் போகவில்லை. முன்பெல்லாம் மத்திய அரசு பணம் பத்தாதபோது ரிசர்வ் வங்கியிடம் நினைத்தபடி எடுத்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. 1997ல் அதை மூடினார்கள். 2006 முதல் அரசுக் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி அரசிடமிருந்து நேரடியாக வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அசாதாரணச் சூழலுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2016 முதல் பணவீக்கத்தை 4 சதவீதத்தில், கூடினால் 6க்குள் வைக்க வேண்டும் என்ற இலக்கு. தொடர்ந்து மூன்று காலாண்டு தவறினால் ஏன் தவறியது என்று ரிசர்வ் வங்கி அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 2022ல் அப்படி எழுதவும் வேண்டி வந்தது. நம் அரசின் கடனில் பெரும்பகுதி ரூபாயில், உள்நாட்டிலேயே வாங்கியது. காடு விளைகிறது, ஆலை ஓடுகிறது, வரி வருகிறது. இந்த மூன்றும் ஒன்றாகச் சரியும்போதுதான் பயப்பட வேண்டும்.

இலங்கையைப் பார்த்துப் பலருக்கும் இதே பயம் வந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைக் குறியீட்டின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதம்; உணவுக்கு 95 சதவீதத்தைத் தொட்டது. சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போன மாதிரிதான். அதுகூட கேகன் அளவுகோலில் மிகைப் பணவீக்கம் ஆகாது. வட்டியை ஏற்றி, அச்சடிப்பதைக் கட்டுப்படுத்தியபின் 2023 செப்டம்பரில் அது 1.3 சதவீதத்துக்கு வந்தது. விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்; ஏறுவது நின்றது, அவ்வளவுதான். கரைந்த சேமிப்பு கரைந்ததுதான்.

சைட்டும் தங்கமும் பற்றி. ஐயா, நோட்டு செல்லாமல் போகும் நாளில் ஒருவருக்கு எது காப்பு? சொந்த வீடு, கிணறு, விளைகிற மண். மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. அக்கா மகன் கடன் வாங்கி வாங்கச் சொல்லும் பாதுகாப்பின் மேல்தான் நீங்கள் தினமும் நடக்கிறீர்கள். அதை விற்காதிருந்தால் போதும். இன்னொரு சைட், வாடகையும் தராது, மாத்திரை வாங்கவும் உதவாது. அவசரத்துக்கு விற்கப் போனால் கேட்கிற விலைக்கு ஆளும் வராது. தங்கம் நீண்ட காலத்தில் நன்றாகவே நின்றிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலருக்கு வாங்கிய வெளிநாட்டுக்காரர் 1999ல் 250 டாலர் அளவுக்கு விலை இறங்கியதையும் பார்த்தார். இருபது வருடம் காத்திருக்கிற வயது உங்களுக்கு இல்லை. வீட்டம்மாவிடம் இருக்கும் நகை இருக்கட்டும். அதற்கு மேல் வாங்கினால் செய்கூலி சேதாரமில்லாத வடிவில், மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள்.

இப்போது உண்மையான கரைச்சலுக்கு வருகிறேன். 32 லட்சத்துக்கு 7 சதவீதம் என்று வைத்தால் வருடம் 2,24,000, மாதம் சுமார் 18,700 ரூபாய். அதை முழுவதும் செலவு செய்கிறீர்கள். "முதல் பணத்தில் கை வைக்கவில்லை, வட்டியைத்தானே தின்கிறோம்" என்று நினைக்கிறீர்கள். நம் பக்கம் எல்லாக் குடும்பமும் அப்படித்தான் நினைக்கிறது. விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால், அந்த 7ல் 5, முதலின் மதிப்பு இறங்கியதற்கு ஈடு. நிஜ வருமானம் 2 சதவீதத்துக்குச் சற்றே குறைவு. 7 சதவீதம் முழுவதையும் சாப்பிட்டால் முதல் பணத்தையும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறீர்கள். பதினைந்து வருடம் கழித்து, உங்களுக்கு 83 வயதாகும்போது, அதே 18,700 வரும். இன்றைய விலையில் 9,000 ரூபாய்க்கு உள்ள பொருளைத்தான் வாங்கும். மருந்துச் செலவு கூடுகிற வயதில் இது நடக்கும். 32 லட்சம் பாஸ்புக்கில் முழுசாக இருக்கும், இன்றைய மதிப்பில் பதினைந்தரை லட்சமாக. கூலி உயர்வு கேட்டு 2022 தொடக்கத்தில் தறிகளை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தார்களே, ஏன்? கூலி அதே எண்ணில் நின்றது, வீட்டுச் செலவு நிற்கவில்லை. உங்கள் வட்டிக்கும் இப்போது அதேதான் நடக்கிறது. வட்டிக்கு உயர்வு கேட்டுப் போராட முடியாது என்பதுதான் வித்தியாசம்.

அதே 7 சதவீத வட்டி, 5 சதவீத விலையேற்றம் என்ற கணக்கில், மாதம் 13,500 ரூபாயில் தொடங்கி ஒவ்வொரு வருடமும் விலைவாசி அளவுக்குக் கூட்டி எடுத்துக்கொண்டே போனால், இந்த 32 லட்சம் 25 வருடம் வரும். கடைசியில் முதல் தீர்ந்திருக்கும். அதில் தவறில்லை, பிள்ளைகளுக்குக் காடு இருக்கிறது, இந்தப் பணம் உங்கள் இருவருக்கானது. இன்று செலவு செய்வதற்கும் இந்த 13,500க்கும் நடுவில் மாதம் 5,000 சொச்சம் இடைவெளி. அதை எப்படி நிரப்புவது என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி. தென்னை நல்ல வருடத்தில் அதை நிரப்பும். வெள்ளை ஈ வந்த வருடத்தில் நிரப்பாது. ஆகவே காய்ப் பணம் வரும்போதே தனியாகப் போட்டுவையுங்கள். அதை வீட்டுச் செலவோடு கலக்காதீர்கள்.

இரண்டாவது, டெபாசிட்டுகள் முதிர முதிர, அதில் ஒரு பகுதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றுங்கள். தபால் நிலையத்திலும் பல வங்கிகளிலும் கிடைக்கும். ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம், வட்டி காலாண்டுக்கு ஒரு முறை வரும், அரசின் பொறுப்பு. 2023 ஏப்ரலில் வட்டியை 8.2 சதவீதமாக்கினார்கள், நீங்கள் போடும் நாளில் என்ன விகிதம் என்று கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள், போட்ட அன்று உள்ள வட்டி ஐந்து வருடமும் மாறாது. 20 லட்சத்தை 7லிருந்து 8.2க்கு மாற்றினாலே மாதம் 2,000 ரூபாய் கூடும். மீதியை ஒரே வங்கியில் வைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். வங்கி மூழ்கினால் காப்பீடு தருவது ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியோடு சேர்த்து, 5 லட்சம் வரைதான். வரி பிடிக்காமலிருக்க வங்கியில் வருடாவருடம் கொடுக்கும் படிவத்தையும் மறக்காதீர்கள்.

பங்குச் சந்தைக் குறியீட்டு நிதியில் (சென்செக்ஸ் போன்ற குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கிவைக்கும் நிதி) நாலைந்து லட்சம் போடலாமா என்றால், பத்து வருடம் தொடமாட்டேன் என்ற மனம் இருந்தால் போடலாம். 2020 பிப்ரவரி, மார்ச்சில் சந்தை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. அப்படி ஒரு மாதத்தில் உங்களுக்குத் தூக்கம் போகுமென்றால் வேண்டாம். ஒரு கடிதத்தை வைத்து அதை நான் முடிவு செய்ய முடியாது.

அந்தக் கம்பெனி விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. பணம் கரைகிறது என்று முதலில் பயமுறுத்துவார்கள், பிறகு கரையாத இடம் என்று தங்கள் வாசலைக் காட்டுவார்கள். பெருந்துறைப் பக்கம், ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் தருகிறோம் என்ற கம்பெனிகளிடம் பணம் கட்டியவர்கள் 2012ல் நின்ற நிலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காட்டை விற்ற காசும் பெண் கல்யாணத்துக்கு வைத்த காசும் அதில் போயின. மாதம் நாலு என்றால் வருடத்துக்கு 48. நேர்மையான எந்தத் தொழிலும் தன் கடனுக்கு அவ்வளவு வட்டி கொடுத்து நிலைத்ததில்லை. 2019 சட்டப்படி, முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை நடத்துவதும் விளம்பரம் செய்வதுமே குற்றம். அக்கா மகன் ஆள் சேர்த்துக் கமிஷன் வாங்கியிருந்தால் நாளைக்கு அவர் மேலும் வழக்கு வரும். அவர் உங்களை ஏமாற்ற நினைக்கிறார் என்று சொல்லவில்லை, நம்பித்தான் பேசுகிறார் போலிருக்கிறது. அதனால் கோபப்படாமல் உட்காரவைத்து, ரிசர்வ் வங்கியிலோ பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிலோ அந்தக் கம்பெனிக்கு என்ன பதிவு இருக்கிறது என்று எழுத்தில் வாங்கி வரச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் சசேத் (Sachet) இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். அவர் தன் காசையும் அங்கே போட்டிருந்தால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள். கொடுக்க மறுத்தால் தாமதிக்காமல் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க வேண்டும்.

வீட்டம்மாவின் பெயர் உங்கள் கடிதத்தில் எந்தக் கணக்கிலும் வரவில்லை. 25 வருடக் கணக்கு நான் போட்டது அவருக்காகவும்தான். கணக்குகளைக் கூட்டுக் கணக்காக மாற்றி, நாமினியை எழுதி, எந்த ரசீது எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்லிவையுங்கள். முதலில் முதிரும் டெபாசிட்டின் தேதியைப் பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்பு, தென்னை வருமானமும் மாதச் செலவும் எழுதிய தாளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். எவ்வளவு எங்கே போடுவது என்று அப்போது எண் வைத்துப் பேசுவோம்.